சுமக்கிறவனுக்கு என்ன பேரு?



காலை முதல் மணியிலிருந்து சாயங்காலம் பஸ் ஏறும்வரை நம்ம பாலிடெக்னிக்கில் அதிகமாக அடிபடும் இங்கிலீஷ் வார்த்தை எது? ‘அரியர்’ என்று கடைசி பெஞ்ச் கத்துவது கேட்கிறது. அதை விட்டுத்தள்ளுங்கள். யோசித்துப் பார்த்தால் எல்லா டிபார்ட்மெண்டிலும் ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் பேச்சு. சுமப்பது!

சிவில்காரன் ‘டெட் லோடு’, ‘லைவ் லோடு’ என்கிறான். அவனுக்கு மண்ணுக்குக்கூட ‘பேரிங் கபாசிட்டி’ உண்டு. எலக்ட்ரிக்கல்காரன் ஃபேன், மோட்டார், பல்பு அத்தனையையும் ‘லோடு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். எலக்ட்ரானிக்ஸ்காரனுக்கு ரேடியோ என்றால் ‘கேரியர் வேவ்’. செமிகண்டக்டரில் எலக்ட்ரானும் ‘கேரியர்’, எலக்ட்ரான் இல்லாத காலியிடமான ‘ஹோல்’ என்பதும் ‘கேரியர்’. ஒன்றுமில்லாததுகூட சுமக்கிறது, பாருங்கள்! கம்ப்யூட்டர்காரன் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி, மிச்சத்தை ‘கேரி’ என்று அடுத்த வீட்டுத் தலையில் கட்டிவிடுகிறான். எங்கள் மெக்கானிக்கலில் லேத்துக்கு ‘கேரேஜ்’, ஷாஃப்டுக்கு ‘பேரிங்’. மத்தியானம் எல்லாரும் சாதி மத பேதமில்லாமல் திறப்பது டிபன் கேரியர்.

இந்த வார்த்தைகள் மேல் எனக்கு என்ன இவ்வளவு பிரியம் என்று கேட்கலாம். எங்க அப்பா சுமடு எடுக்கிறவர். மார்த்தாண்டத்தில், பழைய ஆட்கள் இன்றும் தொடுவெட்டி என்று சொல்லும் சந்தைப் பக்கம், லாரியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து டெம்போவுக்கும் மூட்டை தூக்குவார். நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம் ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘சுமைத் தொழிலாளி’ என்று அழகாக எழுதிக் கொண்டுபோனேன். வாங்கியவர் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே இங்கிலீஷில் ஆறு எழுத்தில் ‘கூலி’ என்று எழுதினார். “அவ்வளவு நீளம் எல்லாம் வேண்டாம் தம்பி, கம்ப்யூட்டர்ல ஏறாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷன்தான், ஃபோட்டோ ஒட்டப் பசைகூடத் தந்தார்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“மக்களே, நான் சொமக்கேன். கடைக்காரன் கூலி தாறான். கூலி எனக்க கைல வருக துட்டு. அது எப்பிடி எனக்க பேரு ஆச்சி?”

இந்த ஒரு கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அவர் சொன்னது இலக்கணப்படி நூறு சதம் சரி. தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் பலன். வள்ளுவர்கூட 619ஆம் குறளில், உடம்பை வருத்தி உழைத்ததற்குக் கிடைப்பதைத்தான் கூலி என்கிறார். அதை வாங்குகிறவன் கூலிக்காரன், கூலியாள். வாங்கும் காசையே ஆளாக மாற்றியது கப்பலில் வந்தவர்கள் பாஷை. இந்தச் சொல் எங்கிருந்து போனது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி நம்ம தமிழ்க் கூலி என்கிறது. மற்றது குஜராத் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயர் என்கிறது. இரண்டும் கலந்துவிட்டது என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. எப்படியோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் தென்னாப்பிரிக்கக் கரும்புக் காட்டுக்கும் நம் ஆட்கள் கப்பல் ஏறியபோது அவர்களுக்கு முன்னாலேயே இந்தப் பெயர் போய் இறங்கிவிட்டது. அங்கே அது வசைச்சொல்லாகவே ஆனது. தென்னாப்பிரிக்காவில் கோட்டு சூட்டு போட்டிருந்த காந்தியையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் சொன்னார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1983இல் அமிதாப் பச்சன் ‘கூலி’ என்று நடித்தார். 2025 ஆகஸ்டில் ரஜினி படத்துக்கும் அதே பெயர். தியேட்டரில் அந்த எழுத்து திரையில் வந்தவுடன் பேப்பர் பறந்ததைப் பார்த்தேன். திரையில் வந்தால் விசில், படிவத்தில் வந்தால் தலைகுனிவு! 2016 ரயில்வே பட்ஜெட்டில் ஸ்டேஷன் கூலிகளை இனி ‘சஹாயக்’ என்று அழைப்போம் என்று அறிவித்தார்கள். உதவியாளர் என்று அர்த்தம். பேர் மாறியது நல்லதுதான். ஆனால் தலையில் இருக்கும் பெட்டி ஒரு கிலோகூடக் குறையவில்லையே.

சரி, ‘கூலி’ மட்டும்தானா? கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 1886இல் யூல், பர்னல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் சேர்ந்து ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்று ஓர் அகராதி போட்டார்கள். இந்தியாவில் புழங்கிய இங்கிலீஷ் சொற்களின் மூட்டை அது. பர்னல் நம்ம தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அதைப் புரட்டினால் சுமக்கிற ஆட்களின் ஊர்வலமே வருகிறது. ஓட்டலில் ‘பேரர்’ என்று கூப்பிடுகிறோமே, அவர் முதலில் பல்லக்குத் தூக்கினவர். துரை பல்லக்கை விட்டு இறங்கி வீட்டுக்குள் போனபோது, தூக்கினவரும் கூடவே வேலைக்காரராக உள்ளே போனார். பிறகு தட்டு ஏந்துகிறவர் ஆனார். தோளில் இருந்தது கைக்கு வந்ததே தவிர சுமை கீழே இறங்கவில்லை. இன்னொரு சொல் ‘பாய்’. தென்னிந்தியாவில் துரைமார் “பாய்!” என்று கூப்பிட்டதில் பையன் என்ற இங்கிலீஷ் சொல் பாதி. பல்லக்குத் தூக்கிய போயி என்ற சாதிப் பெயர் மீதி என்கிறது அந்த அகராதி. நரைத்த கிழவரையும் ‘பாய்’ என்று கூப்பிட்டதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை!

டோலி தெரியுமல்லவா? சபரிமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பம்பையிலிருந்து நடக்க முடியாதவர்களை நாலுபேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் காயம்பட்டவர்களை டோலியில்தான் தூக்குவார்கள். ‘காயம்பட்டவர்களை டோலிகள் தூக்கிச் சென்றன’ என்று இந்தியாவிலிருந்து போன ரிப்போர்ட்டைப் படித்த ஒரு பார்லிமெண்ட் மெம்பர், டோலி என்பது ஏதோ காட்டுமிராண்டிக் கூட்டம் என்று நினைத்து, “அந்தக் கொடூரமான டோலிகளிடமா நம் வீரர்களை விட்டீர்கள்!” என்று கொதித்தாராம். நடந்ததோ கட்டியதோ, பழைய கதை. அவர் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வராத ஓர் இடம் உண்டு. அந்த ரிப்போர்ட்டில் டோலி தூக்கியது, மனுஷன் தூக்கவில்லை. தூக்கின ஆளை எழுதியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.

வார்த்தைகளின் குடும்பத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. லத்தீனில் வண்டிக்கு ஒரு சொல் இருந்தது, ‘கார்ருஸ்’. அதிலிருந்து கார் வந்தது, கேரி வந்தது, கார்கோ வந்தது, சார்ஜும் வந்தது. வண்டியில் ஏற்றும் பாரம்தான் முதலில் சார்ஜ்! ராத்திரி முழுக்க செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோமே, அது வண்டியில் மூட்டை ஏற்றுகிற வேலை. எலக்ட்ரிக்கல் நண்பர்கள் இதை வைவாவில் சொல்லிப் பார்க்கலாம், மார்க்குக்கு நான் பொறுப்பல்ல. ‘போர்ட்டர்’ வேறு குடும்பம். இம்போர்ட், எக்ஸ்போர்ட், சப்போர்ட், ரிப்போர்ட் எல்லாம் அவன் தம்பிமார். செமினார் ரிப்போர்ட் என்றாலே தலைக்கனம் ஏறுவது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

வாகனமும் ‘வெஹிக்கிள்’ என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. சமஸ்கிருதமும் லத்தீனும் தூரத்து உறவு அல்லவா. கணக்கில் நம்மைப் படுத்தும் ‘வெக்டர்’ அந்த வீட்டுப் பிள்ளைதான், சுமந்து செல்பவன் என்று அர்த்தம். டெங்குக் கொசுவையும் டாக்டர்கள் ‘வெக்டர்’ என்பது இதனால்தான். அதேபோல நாம் சொல்லும் பாரமும், பேரிங்குக்குள் இருக்கும் ‘பேர்’ என்ற இங்கிலீஷ் சொல்லும் ஒரே வேர். (பிள்ளைப்பேறு என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்று என்று என் ரூம்மேட் அடித்துச் சொல்கிறான். சத்தம் ஒத்துப்போனால் சொந்தம் ஆகிவிடாதுடே!)

இந்த ‘பேர்’ என்ற வினைச்சொல்லில்தான் என் மனசு நின்றுபோனது. சுமப்பது என்றும் அர்த்தம், பெறுவது என்றும் அர்த்தம். சுமக்கப்பட்டது என்பதற்கும் பிறந்தது என்பதற்கும் இங்கிலீஷில் ஒரே உச்சரிப்பு, ‘போர்ன்’. எழுத்தில் மட்டும் முன்னதற்குக் கடைசியில் ஓர் ‘இ’ கூடுதல். பழைய காலத்தில் அந்த வேற்றுமையும் கிடையாது, பின்னால் பிரித்துக்கொண்டார்கள். அதாவது, நான் பிறந்தேன் என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்னால், நான் சுமக்கப்பட்டேன் என்றுதான் சொல்கிறான். பத்து மாசம் சுமந்து பெத்தவ என்று நம் அம்மைமார் சண்டையில் எடுத்துவிடும் வசனம் அவர்கள் இலக்கணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

நம் ஊரில் அதைக் கல்லில் வைத்தார்கள். சுமைதாங்கிக் கல்லைச் சொல்கிறேன். நம் மாவட்டத்துப் பழைய பாதைகளில் இன்றும் அங்கங்கே நிற்கிறது. இரண்டு கல் தூண், மேலே குறுக்கே ஒரு கல் பலகை, அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் அப்படியே பலகைமேல் தள்ளி இறக்கிவைத்து இளைப்பாறலாம். மறுபடி குனியாமல் தலைக்கு எடுத்துக்கொள்ளலாம். தலைச்சுமையில் கஷ்டமே நடப்பதில் இல்லை, ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் என்று அப்பா சொல்வார். அந்தக் கல்லை அமைத்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது. சிவில் நண்பர்கள் அதைப் பார்த்தால் ‘சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்’ என்பீர்கள். நடுவில் மூட்டை வைத்தால் டபிள்யூ எல் பை ஃபோர். கல்லுக்கு இழுவிசை தாங்காது என்பதால்தான் தூண்களை நெருக்கி நட்டு, பலகையைத் தடியாகப் போட்டிருக்கிறார்கள்.

எதற்காக நட்டார்கள் என்பதுதான் விஷயம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது நம் பக்கத்து வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அங்கே இறக்கிவைக்கும்போதெல்லாம் அவள் பாரமும் இறங்கும் என்று நம்பினார்கள். எங்கள் ஊர்ப் பாதையில் ஒன்று இருக்கிறது. யாருக்காக என்று பாட்டியிடம் கேட்டேன். “பேரு ஆருக்குப் பிள்ளே தெரியும்? வயித்துல பிள்ளையோட போனவளாக்கும்” என்றாள். பாட்டி இளம்வயதில் கடவத்தில் மரச்சீனிக் கிழங்கு வைத்து, சும்மாட்டை இறுக்கி, அந்தக் கல்லில் நின்று நின்றுதான் சந்தைக்குப் போவாளாம். இப்போது ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டுக் கல் பலகை இடுப்பளவுக்கு வந்துவிட்டது. ட்யூஷன் பையன்கள் பையை வைத்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். உட்காரட்டும். அதுவும் ஒரு பாரம்தானே.

இந்தக் கல்லை மட்டும் பார்த்து அந்தக் காலம் பொன்னான காலம் என்று நினைத்துவிடக் கூடாது. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே ஊழியம் என்று ஒன்று உண்டு. அரசாங்கத்துக்கும் கோவிலுக்கும் சம்பளமில்லாமல் சுமக்க வேண்டும். கூலி என்ற சொல்கூட அங்கே கௌரவம்தான், ஏனென்றால் அதில் காசு இருக்கிறது! எதைச் சுமக்கலாம், எங்கே வைத்துச் சுமக்கலாம் என்பதற்கும் சட்டம். நாடார் சமூகத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கூடாது என்ற தடை 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. ஒக்கலில் குடம் வைப்பது மேல்சாதிப் பெண்களின் நடையாம். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. அய்யா வைகுண்டர் எதிர்த்துப் பேசியவற்றில் இந்த ஊழியமும் ஒன்று. நம் பாஷையில் சுமப்பதற்கு எத்தனை சொற்கள்! தலையில் என்றால் சுமப்பது, தோளில் கம்பு வைத்தால் காவுவது, கையில் என்றால் ஏந்துவது, அடியில் நின்றால் தாங்குவது. இங்கிலீஷ்காரன் பெரும்பாலும் ‘கேரி’ என்ற ஒன்றை வைத்தே ஓட்டிவிடுவான். இந்தச் செழிப்பைப் பற்றிப் பெருமை பேசும்போது, உடம்பின் எந்த இடத்தில் யார் எதை வைக்கலாம் என்று ஒரு ராஜ்யமே கணக்கு வைத்திருந்ததையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

சட்டம் பிறகு நல்ல பக்கமும் வந்தது. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 1978இல் சுமட்டுத் தொழிலாளர்களுக்கு என்றே ஒரு சட்டம் போட்டார்கள். நம் தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. இதற்கும் முன்னால், 1967இலேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஓர் ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டுமானால் அதைக் குறைக்க வழிபார்க்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது சந்தையில் 100 கிலோ சாக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சிமெண்ட் மூட்டை 50 கிலோ. “அதுக்கு ரெண்டா எடுத்தா என்னா?” என்று அவசரக்காரர்கள் கேட்பார்களாம்.

மெஷின் டிசைன் பாடத்தில் பேரிங் ஆயுள் கணக்கு வந்தபோது எனக்கு இந்த இரண்டு மூட்டைதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பேரிங்குக்கும் கம்பெனி கேட்லாக் உண்டு. இத்தனை நியூட்டன் சுமை, இத்தனை லட்சம் சுற்று. நூறு பேரிங் ஓடினால் தொண்ணூறாவது தாண்டும் ஆயுளைத்தான் ஆயுள் என்று குறிக்கிறார்கள். பால் பேரிங்கில் சுமையை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? எட்டில் ஒன்றாகிவிடும்! மூன்றின் அடுக்கு. எண்ணெய் போடு, தூசி படாமல் மூடு, ஓவர்லோடு பண்ணாதே என்று அந்த உருண்டைக்கு அவ்வளவு மரியாதை. எங்க அப்பா கழுத்தில் இரண்டு எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் போன வருஷம் எக்ஸ்ரேயில் காட்டினார். அதற்கு எந்தக் கேட்லாக்கைப் பார்ப்பது?

அதனால்தான் இந்த ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு நாங்கள் நாலுபேர் சேர்ந்து சந்தைக்கான ஒரு தள்ளுவண்டி எடுத்திருக்கிறோம். ‘வீல்பேரோ’ என்பதில் உள்ள ‘பேரோ’வும் அதே ‘பேர்’ குடும்பம்தான் என்று ரிப்போர்ட் முதல் பக்கத்தில் எழுதினேன், கைடு சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். சந்தைக்குள் பாதை குறுகல், இரண்டு படி ஏறணும். அதனால் சக்கரத்தை மூன்று மூன்றாக, படியேறும் விதத்தில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு 6204 பேரிங், 20 மில்லிமீட்டர் துவாரம். கைப்பிடி உயரம் மட்டும் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, அப்பாவை நிறுத்தி டேப் வைத்து அளந்தேன்.

வண்டி பாதி வேலை முடிந்தபோது அப்பாவும் அவர் கூட்டாளி மாமா ஒருவரும் ஒர்க்ஷாப்புக்கு வந்து பார்த்தார்கள். அப்பா கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினார், சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றியது. “கொள்ளாம்” என்றார். மாமாதான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மக்களே, கோவப்படாத. இது வந்தா நாலுபேரு எடுக்குக சுமட்ட ஒருத்தன் எடுப்பான். மத்த மூணுபேரும் எங்க போவாவ?”

எங்கள் நாலுபேருக்கும் பதில் வரவில்லை. அப்பாதான் சொன்னார்: “வண்டிய கடைக்காரன் வாங்கினா மூணுபேரு போவான். நாம சேந்து வாங்கினா ஆரு போவான்? வாடகையும் நமக்குத்தானே.” மாமா அதற்கு ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் டீ குடிக்கப் போகும்போதும் அதையே பேசிக்கொண்டு போனார்கள்.

ரிவ்யூவில் செலவுக் கணக்கு, டிராயிங், லோடு கால்குலேஷன் எல்லாம் கேட்டார்கள். மாமாவின் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நாங்களே அதை ரிப்போர்ட்டில் ஐந்தாவது அத்தியாயமாகச் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். சந்தையில் சுமடு எடுக்கிறவர்கள் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, ஒரு வண்டியை எத்தனை பேர் பங்கு போட்டு வாங்கினால் கட்டுப்படியாகும் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 14 பேரிடம் கேட்டாயிற்று. அதில் ‘தொழில்’ என்ற இடத்தில் என்ன எழுதணும் என்று அவர்களிடமே கேட்கிறேன். ஒருவர் லோடுமேன் என்றார், ஒருவர் சுமட்டுக்காரன் என்றார், ஒருவர் யூனியன் பெயரைச் சொன்னார். எத்தனை எழுத்து வந்தாலும் இடம் போதும், கட்டம் போடாமல்தான் தாள் அடித்திருக்கிறேன்.

வெல்டிங் இரண்டு இடத்தில் பாக்கி இருக்கிறது. முடிந்ததும் ஒரு விடியற்காலை வண்டியைச் சந்தையில் இறக்கிப் பார்க்கப் போகிறோம். வருகிறவர்கள் வரலாம். ஆறு மணிக்கு முன்னால் வர வேண்டும், லாரி அதற்குள் வந்துவிடும்.